செய்வாரோ டிணங்க

ஏப்ரல் 5, சனி
இங்கே சிங்கப்பூரில் தமிழ்மொழி மாதம். தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு) படிக்கும் மகள், ஒப்புவிப்பதற்காக, உலகநாதர் பாடிய உலகநீதி என்ற நீதிநூலின் முதல் பாட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். எல்லாம் நன்றாகச் சொல்கிறாள். ‘வஞ்சனைகள் செய்வாரோடு இணங்க வேண்டாம்’ வந்தால் மட்டும் நாக்கு இடறுகிறது. “அம்மா, இந்த வரி மட்டும் நீளமா இருக்கு” என்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு
அவள் எழுவதற்குள் பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் வரி ‘ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்’. ஓதாமல், ஒருநாளும் இரண்டும் காய்ச்சீர், மூன்று அசை (ஓசைத் துண்டு) கொண்டவை. இருக்க மாச்சீர், இரண்டு அசை; வேண்டாம் அதிலேயே ஒரு வகையான தேமா. காய், காய், மா, தேமா. இதே நடை அடிக்கு இருமுறை. ஆக, அடிக்கு எட்டுச் சீர் வரும் எண்சீர் விருத்தம். நாலடியிலும் பொருந்துகிறது, அவள் காட்டிய அந்த ஓர் இடம் தவிர. ‘செய்வாரோடு’ என்றால் நாலசை வந்துவிடுகிறது. தாளில் சந்தி பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ‘செய்வாரோ டிணங்க’ என்று சேர்த்தேன். தேமாங்காய், புளிமா: மறுபடி ஒரு காய், ஒரு மா. அவ்வளவுதான்! அந்தப் பிள்ளையின் காதை நினைத்து எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

பொருள் புரியட்டும் என்று பிரிப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்கிற பாட்டில் ஓசை உடைந்தால், பிள்ளை தன்னிடம்தான் பிழை என்று நினைத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே சேர்த்தெழுதிய வடிவத்தையும் கொடுக்கலாமே.

ஏப்ரல் 8, செவ்வாய்
வேலை முடிந்து வரத் தாமதம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பத்து நிமிடம் கைதட்டிச் சொன்னோம். இடறவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்
அங் மோ கியோ நூலகத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) தேடினோம். ஓதாமல், மாதாவை: தா. அப்புறம் போகாத, வாகாரும்: கா. பாதியில் எதுகை மாறுவதை அவளே கண்டுபிடித்தாள். முதலெழுத்து ஒன்றிவரும் மோனையில் ‘ஓதாமல், ஒருவரையும்’ சுலபமாகப் பிடிபட்டது. ‘மாதாவை, வஞ்சனைகள்’ எப்படி மோனை என்று சண்டைக்கே வந்துவிட்டாள். மகரமும் வகரமும் மோனைக்கு இனம் என்றேன். மா, வ, மா, வ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 12, சனி
ஊரிலுள்ள அம்மாவிடம் தொலைபேசியில் ஒப்புவித்தாள். “ஒரே பாட்டுல ஆறு வேண்டாம், பாட்டி! வேணும்னு எதுவுமே சொல்ல மாட்டாரா?”

அம்மா பதிலுக்குக் கடைசிப் பாட்டை, 13ஆவதை, ராகத்தோடு சொன்னார். அதில் ஒரு வேண்டாம்கூட இல்லை. ஆதரித்து, ஓதுவித்த, காதலித்து, போதமுற்று என்று நாலடிக்கும் ஒரே தகர எதுகை. முதல் பாட்டு ‘வாழ்த்தாய் நெஞ்சே’ என்று முடிகிறது. இதுவோ ‘வாழ்வர் தாமே’ என்று கற்றவர்களையே வாழ்த்துகிறது. சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டும் எனக்கு இது உறைக்கவில்லை.

ஒப்புவிக்கக் கேட்டது ஒரு பாட்டுதான். அதையும் படிக்கப்போகிறேன் என்று பாட்டியை மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறாள்.