டெமோவில் கடிகாரம் பாட்டுதான்: இசை, காட்சி, கோட் மூன்றையும் ஒட்டவைப்பது எப்படி

இசைக்கு ஒருத்தர், காட்சிக்கு ஒருத்தர், கோடுக்கு ஒருத்தர் என்று மூன்று நான்கு பேர் சேர்ந்து டெமோ செய்யும் குழுக்களில் முதலில் பிசகுவது நேரம்தான். பாட்டைத் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும். ஷேடரை (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடிப் படத்தை வரையும் சிறு ப்ரோகிராம்) தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். சேர்த்து ஓட்டினால் டிரம் விழும் இடத்தில் கட் விழாது. பத்தில் ஒரு நொடி தள்ளி விழுந்தாலே போதும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காட்சி பாட்டோடு ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒட்டுவேலையைப் பற்றித்தான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டெமோ என்பது சில நிமிடம் ஓடும் ஒரு படம், ஆனால் வீடியோ ஃபைல் கிடையாது. ஓடுவது ஒரு ப்ரோகிராம். ஒவ்வொரு ஃப்ரேமையும் கணினி அந்த நொடியிலேயே கணக்கிட்டு வரைகிறது. 1980-களில் ஐரோப்பாவில், கமடோர் 64, அமிகா வைத்திருந்த பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வளர்த்த கலை இது. பின்லாந்து 2020-இல் இதைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனி 2021-இல் சேர்த்தது. 4கே இன்ட்ரோ என்றால் பாட்டு, காட்சி எல்லாம் சேர்த்து 4096 பைட்டுக்குள் அடங்க வேண்டும். 64கே என்றால் 65,536 பைட். அளவுக் கட்டுப்பாடு இல்லாத வகையும் உண்டு. முதல்முறை செய்கிற குழு அதிலேயே தொடங்குவதுதான் நல்லது.

பின்லாந்தின் ஃப்யூச்சர் க்ரூ என்ற குழு 1993-இல் அசெம்பிளி என்ற டெமோ போட்டிக்குக் கொண்டுவந்த ‘செகண்ட் ரியாலிட்டி’ டெமோவின் சோர்ஸ் கோட், இருபது வருடம் கழித்து 2013-இல் பொதுவில் வந்தது. இந்த வேலையில் இறங்குபவர்கள் அதை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். அது ஒரே ப்ரோகிராம் இல்லை. தனித்தனிப் பகுதிகள், ஒவ்வொன்றும் தன்னளவில் ஓடக்கூடியது. அவற்றுக்கு அடியில் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய சேவைதான் ‘பாட்டு இப்போது எங்கே இருக்கிறது’ என்று எல்லாப் பகுதிகளுக்கும் சொல்கிறது. ஆளுக்கொரு பகுதியைத் தனியாக எழுதலாம்; நேரம் மட்டும் ஒரே இடத்திலிருந்து வரும். முப்பது வருடம் ஆகியும் இந்த அமைப்பை மாற்ற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அந்தக் காலத்துப் பாட்டு டிராக்கர் என்ற இசை மென்பொருளில் எழுதப்பட்டது. ஒரு பேட்டர்னுக்கு 64 வரி, ஒவ்வொரு வரியிலும் எந்த ஸ்வரம், எந்த வாத்திய ஒலி (சாம்பிள்) என்ற குறிப்பு. பிளேயரே வரி எண்ணைச் சொல்லிவிடும் என்பதால், ‘ஏழாவது பேட்டர்ன், 32-ஆவது வரியில் திரையை வெள்ளையாக மின்னவிடு’ என்று கோடில் எழுதினால் முடிந்தது. இன்று பாட்டு ஏபிள்டன், ரீனாய்ஸ் போன்ற இசை மென்பொருளில் பிறந்து ஓர் ஆடியோ ஃபைலாக கோடர் கைக்கு வருகிறது. அதில் வரிகள் இல்லை, நொடிகள்தான் இருக்கின்றன. உடனே கோடர் ‘37.42 நொடியில் கட்’ என்று கோடில் எழுத ஆரம்பிக்கிறார். குழு பிரச்சினையில் மாட்டுவது அங்கேதான். நேரம் மாற்றுவதென்றால் ஒவ்வொரு தடவையும் அவர் கம்பைல் செய்ய வேண்டும். இசையமைப்பவரும் காட்சி பார்ப்பவரும் அவர் பின்னால் நின்று ‘இன்னும் கொஞ்சம் முன்னால’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு மருந்து ராக்கெட் என்கிற இலவசக் கருவி. அது டிராக்கர் மாதிரியே வரிகளாக இருக்கும் ஒரு எடிட்டர். ஆனால் டிராக்குகளில் (நெடுவரிசைகளில்) ஸ்வரத்துக்குப் பதில் எண்கள். டெமோவும் எடிட்டரும் 1338-ஆம் போர்ட்டில் பேசிக்கொள்ளும். டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றினால் திரையில் உடனே மாறும். கோடர் செய்ய வேண்டியது, வேண்டிய டிராக்குகளுக்குப் பெயர் கொடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் இப்போதைய வரிக்கான மதிப்பைக் கேட்டு வாங்கி ஷேடருக்கு அனுப்புவது மட்டுமே. அதன்பின் நேரம் முழுக்க மற்றவர்கள் கையில். வெளியிடும்போது டிராக்குகளை ஏற்றுமதி செய்து, பிளேயர் மோடில் ஒருமுறை கம்பைல் செய்தால் எடிட்டர் தேவைப்படாது.

வேகத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் நிமிடத்துக்கு 3600 ஃப்ரேம். அதை பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று கிடைக்கும். 120-க்கு 30, 144-க்கு 25, 150-க்கு 24, எல்லாம் முழு எண். 125 பிபிஎம் என்றால் 28.8, கட் சில சமயம் ஒரு ஃப்ரேம் முன்னே, சில சமயம் பின்னே விழும். கேமரா நகரும் காட்சியில் அது தெரியாது. பீட்டுக்கு ஒரு கட் என்று வேகமாகப் போகும் இடத்தில் கண்ணுக்கு உறுத்தும். பீட்டுக்கு 8 வரி வைத்தால் 120 பிபிஎம்மில் நொடிக்கு 16 வரி, 8 பாருக்கு (ஒரு பார் நான்கு பீட்) 256 வரி, அதாவது சரியாக 16 நொடி. நான்கு நிமிடப் பாட்டு 3840 வரி. இந்தக் கணக்கைக் குழுவில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தால் பேச்சு சுருங்கும்: ‘512-இல் டிராப்’ (பாட்டு முழு பலத்தோடு வந்து விழும் இடம்) என்றால் எல்லாருக்கும் புரியும்.

பாட்டின் மிக்ஸிங்கைக் கடைசி நாள் வரை மாற்றலாம். வேகத்தையும் பார் எண்ணிக்கையையும் முதலிலேயே பூட்டிவிட வேண்டும். நடுவில் நான்கு பார் வெட்டினால், அதற்குப் பின்னால் எல்லா டிராக்கிலும் உள்ள ஒவ்வொரு கீயும் (ஒரு வரியில் எழுதிவைத்த மதிப்பு) 128 வரி முன்னால் நகர வேண்டும். எனவே வெறும் டிரம்மும் பேஸும் மட்டும் உள்ள எலும்புக்கூடு பாட்டை முதலில் முடித்து, அதன் மேல் காட்சிகளைக் கட்டுங்கள். நிஜ வாத்தியங்கள் பிறகு வந்து உட்காரட்டும்.

இனி கேமரா. ராக்கெட்டில் ஒவ்வொரு கீக்கும் அடுத்த கீ வரை மதிப்பு எப்படிப் போக வேண்டும் என்று நான்கு வகை உண்டு: ஸ்டெப் (அப்படியே நிற்கும்), லீனியர் (சீராகப் போகும்), ஸ்மூத் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும்), ராம்ப் (மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும்). புதிதாக வருபவர்கள் கேமராவின் இடத்தை ஸ்மூத்தில் போட்டு, 256-ஆவது வரியில் அடுத்த ஷாட்டின் இடத்தை எழுதுவார்கள். கட் வராது, முதல் ஷாட் முழுக்க கேமரா இரண்டாவது ஷாட்டை நோக்கிச் சுவர்களுக்குள் புகுந்து பறக்கும். சரி என்று 255-இல் பழைய மதிப்பை ஸ்டெப்பில் நிறுத்தினால், ஒரு வரி நேரம், 62.5 மில்லி நொடி, கேமரா உறைந்து நிற்கும். கிட்டத்தட்ட நான்கு ஃப்ரேம். கட்டுக்கு முன் ஒரு விக்கல் போலத் தெரியும்.

இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. கேமராவுக்கு ஒரே டிராக் போதும். முழுக்க லீனியர். 0-ஆவது வரியில் 0, 256-இல் 1, 384-இல் 2, இப்படியே ஏறிக்கொண்டே போகட்டும். கோடில் அந்த எண்ணின் முழுப்பகுதியை ஷாட் எண்ணாகவும், தசமப் பகுதியை அந்த ஷாட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பு எங்கும் குதிக்காது; கட் மட்டும் துல்லியமாக விழும். ஷாட்டை நீட்ட வேண்டுமானால் ஒரு கீயை நகர்த்தினால் போதும்.

கிக் டிரம்மோடு மின்னும் ஒளிக்கும் இதே மாதிரி கவனம் வேண்டும். அடி விழும் வரியில் 1, ஆறு வரி கழித்து 0. இதை ராம்ப்பில் போட்டால் ஒளி முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் இறங்கும். டிரம்மின் ஓசையோ அதற்கு நேர்மாறாக இறங்குகிறது. லீனியரில் போட்டு, ஷேடரில் அந்த மதிப்பை அதனாலேயே பெருக்கிவிடுங்கள். சட்டென்று விழுந்து மெல்லக் கரையும். பாட்டின் அதிர்வெண்ணை அலசி ஒளியைத் தானாகத் துடிக்க வைக்கும் குறுக்குவழி எனக்குப் பிடிக்காது. கிக்கும் பேஸும் ஒரே அலைவரிசையில் கலந்து கிடப்பதால் ஒளி எப்போதும் பாதி எரிந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், எந்த அடிக்கு மின்ன வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இயக்குநர் எடுக்க வேண்டிய முடிவு. முதல் 16 பார் கிக்கைத் தொடாமல் விட்டு, 17-ஆவது பாரில் முதன்முதலாக மின்னவிட்டுப் பாருங்கள்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ஒலி கருவியிடமிருந்துதான். சிஸ்டம் கடிகாரத்தை எடுத்தால் நான்கு நிமிடத்தில் இரண்டும் விலகக்கூடும். ஒலி தொடங்கச் சற்றுத் தாமதமானால் அந்தத் தாமதம் கடைசி வரை கூடவே வரும். கவனிக்க வேண்டியது, பஃபரில் (ஒலிக்கக் காத்திருக்கும் வரிசை) போட்ட சாம்பிளையா (இங்கே ஒலி அலையின் ஒரு அளவீடு), உண்மையில் ஒலித்த சாம்பிளையா லைப்ரரி சொல்கிறது என்பது. 44,100 ஹெர்ட்ஸில் 4096 சாம்பிள் பஃபர் என்றால் 93 மில்லி நொடி, ஐந்தரை ஃப்ரேம் வித்தியாசம். சில டிரைவர்களில் இந்த எண் படிப்படியாகக் குதித்து ஏறும், கேமரா நடுங்கும். அப்போது சிஸ்டம் கடிகாரத்தில் ஓடி, ஒலியின் எண்ணை நோக்கி ஒவ்வொரு ஃப்ரேமிலும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளுங்கள். பாட்டை எம்பி3-ஆக வைக்காதீர்கள். என்கோடரும் டிகோடரும் தொடக்கத்தில் சேர்க்கும் வெற்று சாம்பிள்கள் லேம் என்ற எம்பி3 என்கோடரின் வழக்கத்தில் 576-உம் 529-உம். சேர்த்து 25 மில்லி நொடி. சில பிளேயர் அதை வெட்டும், சில வெட்டாது. ஓக் வோர்பிஸ் ஃபார்மட்டில் இந்தத் தொல்லை இல்லை. அரங்கத்தில் பின்வரிசைக்கு ஒலி தாமதமாகப் போவதற்காக எதையும் நகர்த்தவும் வேண்டாம். 34 மீட்டருக்குப் பத்தில் ஒரு நொடி ஆகிறது. முன்வரிசைக்காரர் என்ன பாவம் செய்தார்?

காட்சியை ரேமார்ச்சிங்கில் (பிக்சலுக்கு ஒரு கதிர் விட்டு, பொருள் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டபடி படிப்படியாக முன்னேறும் முறை) செய்தால் பட்ஜெட் போடுங்கள். 1920-க்கு 1080 என்றால் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல். பிக்சலுக்கு 100 படி என்றால் ஃப்ரேமுக்கு 20 கோடி தடவைக்கு மேல் தூரக் கணக்கு. அதில் ஒரு சைன் கூடினாலும் விலை தெரியும். விண்டோஸில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் டிரைவரையே மீட்டமைத்துவிடும், டெமோ அங்கேயே சாகும்.

உங்கள் கணினியில் ஓடுவது போட்டிக் கணினியில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஷேடரில்தான் இருக்கும். மதிப்புக் கொடுக்காத மாறி ஒரு கார்டில் பூஜ்யமாகவும் இன்னொன்றில் குப்பையாகவும் இருக்கும். எதிர்மறை எண்ணை, அடுக்கு கணக்கிடும் பவ் ஃபங்ஷனில் போட்டால் விடை வரையறுக்கப்படவில்லை. சில கார்டில் கறுப்புப் புள்ளிகளாக வரும், பிளர் போட்டால் அந்தப் புள்ளிகள் கட்டங்களாகப் பரவும். ஸ்மூத்ஸ்டெப்பில் (இரண்டு எல்லைகளுக்கு நடுவே மதிப்பை மெல்ல ஏற்றும் ஃபங்ஷன்) பெரிய எல்லையை முதலில் எழுதுவதும் அப்படித்தான். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றிலும் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வைத்து ஒருமுறை, எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து ஒருமுறை. சுருக்கிய எக்ஸி ஃபைலை ஆன்டிவைரஸ் வைரஸ் என்று பிடிக்கும். 64கே செய்பவர்கள் சுருக்காத பிரதியையும் கூடவே வைப்பது அதனால்தான்.

புரொஜெக்டரில் கறுப்பு கறுப்பாக இருக்காது. இருட்டுக் காட்சியில் இருக்கும் நுணுக்கமெல்லாம் அரங்கத்தில் காணாமல் போகும், எனவே நிழல்களைக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். இருண்ட சாய்வுகளில் வரும் பட்டைக் கோடுகளுக்கு, கடைசியில் ஒரு வண்ண நிலையில் பாதி அளவு, அதாவது முழு வெளிச்சத்தை 255 பங்காக்கினால் ஒரு பங்கில் பாதி, இரைச்சல் சேர்த்தால் மறைந்துவிடும்.

யூடியூபுக்கான வீடியோவைத் திரைப்பதிவு செய்யாதீர்கள். ஒலிக்கு பதில் ஃப்ரேம் எண்ணை 60-ஆல் வகுத்து நேரமாகக் கொடுங்கள். ஒரு ஃப்ரேம் வரைய ஒரு நொடி ஆனாலும் கவலையில்லை. நான்கு நிமிடம் 14,400 ஃப்ரேம், சுருக்காமல் சேமித்தால் 90 ஜிபி ஆகும். ஆகவே நேரடியாக எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளுக்கு அனுப்பி, சிஆர்எஃப் (தர அளவு) 18-இல் என்கோட் செய்து, ஆடியோவைக் கடைசியில் மூல வேவ் ஃபைலிலிருந்து சேருங்கள். ஃபிலிம் கிரெயின் (படச்சுருளில் வருவது போன்ற புள்ளி இரைச்சல்) போட்டிருந்தால் வீடியோப் பிரதிக்கு மட்டும் அதைப் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் யூடியூபின் பிட்ரேட் முழுவதையும் கிரெயினே தின்றுவிடும்.