மன்னார்குடியில் ஒரு எவர்பிளேட்ஸ் ரசிகன்

ஐஸ் ஹாக்கி என்றாலே எல்லோரும் வட அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான என்ஹெச்எல் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்கு அதற்கு இரண்டு படி கீழே இருக்கிற ஈசிஹெச்எல் லீக்தான் உயிர். ஃபுளோரிடாவில் வேலை பார்க்கும் அத்தை மகன் பழக்கிவிட்டது. அங்கே எஸ்டெரோவில் ஆடும் எவர்பிளேட்ஸ்தான் என் அணி. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை ஈசிஹெச்எல் சாம்பியனுக்குத் தரும் கெல்லி கோப்பையை வென்றவர்கள்.

அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓர் அணிக்கு 72 ஆட்டம், அப்புறம் சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்று. குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. தை மாதம் பனி காயாமல் அறுப்பு மெஷின் வயலில் இறங்காது, அதனால் சம்பா அறுப்பு நாளில்கூட முழு ஆட்டத்தையும் போனில் பார்த்துவிடுவேன்.

இந்த ஆட்டக்காரர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து ஆட்டம், நடுவில் ராத்திரி முழுக்க பஸ், சம்பளமோ வாரக்கணக்கில் சொற்பம், இதில் நன்றாக ஆடுகிறவனை சீசன் நடுவிலேயே ஒரு படி மேலே இருக்கிற ஏஹெச்எல் லீக் அணி கூப்பிட்டுக்கொள்ளும், மிச்சம் இருப்பவர்களை வைத்து கோச் மறுநாளே அணியைக் களமிறக்க வேண்டும். இப்படி ஆடி மூன்று கோப்பை! எனக்கு இது என்ஹெச்எல் சாதனைகளுக்குக் குறைந்ததில்லை.

டெடி பேர் டாஸ் என்று ஒரு நாள் உண்டு. சொந்த அணி முதல் கோல் போட்டதும் கூட்டம் பொம்மைகளை ஐஸில் வீசும், எல்லாம் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும். அப்பாயிக்குக் காட்டினேன். "இவ்வளவையும் யாருடா பொறுக்குறது?" என்றார். பல ஊர்களில் ஆட்டக்காரர்களும் சேர்ந்துதான் பொறுக்குகிறார்கள்.