பைரோய்ட்டின் இரண்டு மர அரங்குகள்

ஐரோப்பாவின் பழைய ஓபரா (இசை நாடகம்) அரங்குகள் என்றதும் பாரிஸ், மிலன், வியன்னா என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் பைரோய்ட்டைச் சொல்வேன். ஜெர்மனியில், பவேரியாவின் வடக்குப் பகுதியில் இருக்கும் சிறிய ஊர். அங்கே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இரண்டு அரங்குகள். ஒன்று 1748-இல் திறந்தது, மற்றது 1876-இல். இரண்டுக்குமே உள்ளே மரம்தான். நாடகங்களுக்கு செட் போடுவது என் தொழில். பலகையையும் கித்தானையும் வைத்துக் கல்லையும் வானத்தையும் காட்டுவது அன்றாட வேலை. அதனால்தானோ என்னவோ, பெரிய பளிங்கு மாளிகைகளைவிட இந்த இரண்டும் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டன.

பழையதை எழுப்பச் செய்தவர் விலெல்மினே. பைரோய்ட்டை அப்போது ஆண்ட சிற்றரசரின் மனைவி, மகா பிரெடெரிக் என்று சொல்லப்படும் பிரஷ்ய மன்னரின் அக்கா. அவரே இசையமைப்பாளர், ஓபராவும் எழுதியிருக்கிறார். மகளின் கல்யாணத்துக்கு அரங்கு தயாராக வேண்டும் என்று 1744-இல் வேலை தொடங்கியது. உள்ளலங்காரத்துக்கு வந்தவர் ஜுசெப்பே கல்லி பிபியேனா. தலைமுறை தலைமுறையாக அரண்மனை நாடகங்களுக்கு மேடை அமைத்த இத்தாலியக் குடும்பம் அது. மகன் கார்லோவும் கூட இருந்து வேலை பார்த்தார்.

வெளியே கற்சுவர். அதற்குள் தனியாக ஒரு பெரிய மரக்கூடு நிற்கிறது. மூன்று அடுக்கு மாடங்கள், மேடைக்கு நேர் எதிரே அரச குடும்பத்துக்கான மாடம், அதன் உச்சியில் கிரீடம். நீலமும் பச்சையும் பொன்னும் கலந்த நிறம். தூண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கு என்றே சத்தியம் செய்வீர்கள். பக்கத்தில் போனால் ரேகைகள் எல்லாம் தூரிகை வேலை, வண்ணத்துக்கு அடியில் பலகை ஒன்றோடொன்று சேரும் கோடுகூடத் தெரியும். கூரை ஓவியம் கித்தானில் தீட்டியது. மேடையில் கட்டுகிற செட்டும் பார்வையாளர் உட்காரும் கூடமும் ஒரே கையால், ஒரே பொருளால் ஆனவை. நாடகம் எங்கே முடிகிறது, அரண்மனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. விருந்தினர்களே நாடகத்தின் பாத்திரங்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இந்த அளவுக்குத் துணிந்து செய்த செட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலம் அது. அப்போதைய அரண்மனை அரங்குகள் பல எரிந்தே போயின, மிச்சமிருந்தவற்றைப் பிறகு வந்தவர்கள் புது மோஸ்தருக்கு மாற்றினார்கள். இது தப்பியதற்குக் காரணம் சோகமானது. 1758-இல் விலெல்மினே இறந்தார். சில வருடங்களில் அந்த அரச மரபும் முடிந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் அவ்வளவாக அரங்கைத் தேடி வரவில்லை. புழக்கம் குறைந்ததால் நெருப்பும் மாற்றமும் அண்டவில்லை. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அப்புறம் பல வருடங்கள் மூடிவைத்து, 1930-களில் மேலே பூசிய வண்ணங்களைச் சுரண்டி எடுத்துப் பழைய நிறத்தை மீட்டார்கள். 2018-இல் திறந்தபோது, அந்தக் கல்யாணத்தில் நடந்த, இசையமைப்பாளர் ஹாஸ்ஸேயின் ‘ஆர்த்தசெர்சே’ ஓபராவையே மறுபடி மேடையேற்றினார்கள். செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, இரண்டாவது எப்படி வந்தது? இந்தப் பழைய அரங்கின் மேடை மிகவும் ஆழமானது, ஏறத்தாழ 27 மீட்டர். அதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் 1871-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் பைரோய்ட்டுக்கு வந்தார். தன்னுடைய நான்கு பாக ‘நிபெலுங் மோதிரம்’ ஓபராவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். மேடை சரி, மற்றது எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஊர் பிடித்துவிட்டது. நகராட்சி நிலம் கொடுத்தது. 1872 மே 22, தன் பிறந்தநாளில், குன்றின்மேல் அடிக்கல் நாட்டினார். கொட்டும் மழை. விழாவின் மிச்சம் பழைய அரங்கில்தான் நடந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை அங்கே வாக்னரே நடத்தினார்.

கட்டிடக் கலைஞர் ஓட்டோ ப்ரூக்வால்ட். வாக்னர் கையில் காசில்லை. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டிருக்காவிட்டால் பாதியில் நின்றிருக்கும். செங்கல், மரச்சட்டம், அவ்வளவுதான். பொன் கிடையாது, பக்கமெங்கும் அடுக்கடுக்காக மாடங்கள் கிடையாது. விசிறி மாதிரி விரியும் சரிவில் ஏறத்தாழ 1,900 இருக்கைகள். நடுவில் நடைபாதையே இல்லை. எந்த இருக்கையிலிருந்தும் கண் மேடைக்குத்தான் போகும்.

அந்த அரங்கின் உயிர் வாத்தியக் குழியில் இருக்கிறது. குழி படிப்படியாக மேடைக்கு அடியில் இறங்குகிறது. மேலே வயலின்கள், கீழே போகப்போகப் பித்தளை வாத்தியங்கள், முரசுகள். குழியின்மேல் வளைந்த கூரை ஒன்று கவிந்திருப்பதால் பார்வையாளருக்கு ஒரு வாத்தியமும் தெரியாது, இசைக்குழு நடத்துனரும் தெரியமாட்டார். ஓசை முதலில் மேடைப் பக்கம் போய், பாடகரின் குரலோடு கலந்து, பிறகுதான் கூடத்துக்கு வருகிறது. நூறு வாத்தியங்கள் முழங்கினாலும் குரல் மூழ்காது. நடத்துனர் பாடுதான் கஷ்டம்: அவர் காதில் விழுவது ஒன்று, சபைக்குக் கேட்பது இன்னொன்று. யாரும் பார்க்கவில்லை என்பதால் கோடைப் புழுக்கத்தில் வாத்தியக்காரர்கள் அரைக்கைச் சட்டையோடு வாசிக்கிறார்கள். சுவரும் தரையும் உள்கூடான தூண்களும் அந்த ஓசையோடு சேர்ந்தே அதிர்கின்றன. அங்கே மரம் கல்லாக வேஷம் போடவில்லை, மரமாகவே இருந்து வேலை செய்கிறது.

1876-இல் ‘நிபெலுங் மோதிரம்’ மேடையேறிய முதல் வாக்னர் விழா பெரும் நஷ்டம். அடுத்தது 1882-இல்தான் நடந்தது, வாக்னரின் ‘பார்சிஃபால்’ ஓபரா அப்போது வந்தது. பிற்பாடு நாஜிக் காலத்தில் ஹிட்லர் இங்கே முதல் மரியாதை விருந்தாளி. வாக்னரின் மருமகள் வினிஃப்ரெட் வாசலில் நின்று வரவேற்றார். இதைச் சொல்லாமல் அந்தக் கட்டிடத்தைப் புகழ எனக்கு மனம் வராது. விரட்டப்பட்ட, கொல்லப்பட்ட யூதக் கலைஞர்களின் படமும் விவரமும் தாங்கிய பலகைகள் அரங்குக்கு முன்னாலுள்ள பூங்காவில் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போகும் முன் நின்று படியுங்கள்.

விழா ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை நடக்கும். சீட்டு கிடைப்பது சிரமம். மற்ற மாதங்களில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். முதலில் ஊருக்குள் இருக்கும் பழைய அரங்கைப் பாருங்கள், அப்புறம் குன்றுக்கு ஏறுங்கள். விழாவுக்கே சீட்டு கிடைத்துவிட்டால் முதுகைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள். அந்த நாற்காலிகளில் நான்கைந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.