பிரிட்டன் மாணவர் விசா: அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியதால் பட்ட பாடு

லீட்ஸில் முதுகலை படிக்க எனக்கு விசா கிடைத்துவிட்டது. பல்கலைக்கழக இடம், ஆங்கிலத் தேர்வு, சி.ஏ.எஸ். எண் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்) எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் மலேசியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். கோலாலம்பூரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன், அதுவும் சுலபம். அலைக்கழித்தது பணமும் அப்பாவின் பெயரும்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அடுத்துக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். எங்களுக்கு இருந்தது அப்பாவின் ஊழியர் சேமநிதி ஒன்றே. "சேமநிதி அறிக்கை போதும். மலேசியர்களிடம் காசு விவரமே கேட்க மாட்டார்கள்" என்று ஓர் ஏஜெண்டு அடித்துச் சொன்னார். இரண்டும் தப்பு. பணத்துக்கான ஆவணங்களை முதலிலேயே இணைக்கத் தேவையில்லாத நாடுகளின் பட்டியலில் மலேசியா இருப்பது உண்மை. ஆனால் அதிகாரி பிறகு கேட்கலாம். என்னிடம் கேட்டார்கள். வங்கிக் கணக்கைப் போல் உடனே எடுக்க முடியாத ஓய்வுகாலச் சேமிப்பை அவர்கள் கணக்கில் எடுப்பதும் இல்லை. பணம் வங்கியில் ரொக்கமாக, தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதிக்கும் விண்ணப்பிக்கும் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. அப்பாவுக்கு 55 வயது தாண்டியிருந்ததால் எடுத்து வங்கியில் போட முடிந்தது. ஏஜெண்டை நம்பி உட்கார்ந்திருந்தால் வகுப்பே தொடங்கியிருக்கும்.

பணம் அப்பா கணக்கில் இருந்தால், அவர் என் அப்பாதான் என்று காட்டப் பிறப்புப் பத்திரமும், அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அடையாளக் கார்டில் அப்பா பெயர் ஒரு 'எல்' எழுத்தோடு முடிகிறது. என் பத்திரத்தில் இரண்டு 'எல்'. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அந்தக் காலத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது அப்படியே ஏறிவிட்டது.

திருத்தக் கேட்டுப் போன அலுவலகத்தில், கவுண்டரில் இருந்தவர் பத்திரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "அப்பா நேரில் வரணும்" என்றார். செம்பனைத் தோட்டத்தில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு அப்பா வந்தார். செம்பனைக் குலை வெட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கார்டை நீட்டினார். அதே ஆள், பேனா மூடியால் அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "பழைய தோட்டத்துப் பதிவு இருக்கா?" என்றார். அந்தத் தோட்டமே கைமாறிப் பல வருஷமாகிறது. அப்பா ஒன்றும் பேசாமல் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. முதல் முறையே இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு அரைநாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

வழி காட்டியது பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஓர் ஆசிரியை. "திருத்தம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. இரண்டு பெயரும் ஒருத்தர்தான்னு சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால அப்பா கையெழுத்துப் போடட்டும்" என்றார். அன்றைக்கே முடிந்தது. பத்திரமும் பிரமாணமும் மலாயில் இருந்தால் ஆங்கிலத்தில் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். சாதாரணமாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது, மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பிறகு அதிகாரி ஆவணம் கேட்டு எழுதியபோது எல்லாமே கையில் தயாராக இருந்தன. மறுகேள்வி வரவில்லை.

இன்னொன்று, பிரிட்டனின் சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். ஓராண்டு முதுகலைதானே என்று நினைக்காதீர்கள்: படிப்பு முடிந்து தரும் கூடுதல் மாதங்களும் சேர்வதால் ஒன்றரை ஆண்டாகக் கணக்குப் போட்டு 1,164 பவுண்ட் வாங்குகிறார்கள். விசாக் கட்டணம் தனி. இந்தத் தொகையை அந்த 28 நாள் பணத்திலிருந்து எடுத்துவிடாமல் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பெட்டியைத் திறந்து உங்கள் பிறப்புப் பத்திரத்தையும் அப்பா, அம்மா அடையாளக் கார்டுகளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.