மெகாவாட் வாத்தியார்

நான்கு வருடம் ஒரு செய்தித் தளத்தில் பின்னூட்டங்களை மட்டுறுத்தும் வேலை பார்த்தேன். இரவு ஷிஃப்ட். வரிசையில் நிற்கும் கருத்தைப் படிக்க வேண்டும், விட வேண்டும், இல்லையென்றால் தூக்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நொடிக்கு மேல் நின்றால் வரிசை அனுமார் வால் ஆகிவிடும். ஆறே மாதத்தில் முதல் மூன்று சொற்களிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கவிதை போடுபவர், கடன் விளம்பரம் போடுபவர், எந்தச் செய்தியிலும் நிருபரின் அம்மாவை இழுப்பவர். எல்லாரும் தினமும் வருவார்கள்.

ஒரு நாள் ஸ்பேம் குப்பையைக் காலி செய்யப்போனபோது இது கண்ணில் பட்டது. உள்ளே ஒரு லிங்க் இருந்ததால் வடிகட்டி பிடித்துப்போட்டிருந்தது. மூன்று நாள் பழசு.

"ஒரு நாளைக்கு 500 மெகாவாட் மின்சாரம் தயாராகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெகாவாட் என்பது வேகம் மாதிரி. இந்தக் கார் ஒரு நாளைக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்வீர்களா? நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 12,000 மெகாவாட்-மணி. அதுதான் கணக்கு."

அந்தச் செய்தி நிருபரைத் தாண்டி, உதவி ஆசிரியரைத் தாண்டி வந்தது. அதன் கீழே நானே இருநூறு சண்டைகளை அனுமதித்திருந்தேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் குப்பையில் கிடந்தார். தேடிப்பார்த்தால், எங்கள் தளத்தில் அவர் எழுதியது அந்த ஒன்றுதான்.

அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் 2016 ஆகஸ்டில் தன் தளத்தின் கருத்துப் பகுதியையே மூடியது. அதற்கு முந்தைய மாதம் தளத்துக்கு வந்த ஏறக்குறைய 3.3 கோடிப் பேரில் கருத்து எழுதியவர்கள் 0.06 சதவீதம்தான் என்று கணக்கும் சொன்னது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அந்த 0.06-ஐத்தான் நான் தினமும் இரவில் பார்த்துக்கொண்டிருந்தேனே. தினமும் வருபவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தெரிந்தவர் ஒரே ஒரு முறை வருவார், அந்த ஒரு முறையும் யாரும் பார்க்கவில்லையென்றால் போய்விடுவார்.

வாசகர்களை எந்த வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதும் இருக்கிறது. 2005-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இராக் போர் பற்றிய தலையங்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆபாசப் படங்கள் வந்து விழ, மூன்று நாளுக்குள் இழுத்து மூடினார்கள். 2009-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் செய்தது வேறு. பிரிட்டிஷ் எம்பிக்களின் செலவு ரசீதுகள், நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரு பக்கத்தைப் பாருங்கள், தோண்ட வேண்டியதா இல்லையா என்று ஒரு பொத்தானை அழுத்துங்கள், அவ்வளவுதான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கே திட்ட வந்தவனுக்கு வேலையே இல்லை.

நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனம் நடத்தும் தொழில்நுட்பத் தளமான என்ஆர்கே-பீட்டா 2017-இல் செய்ததும் எனக்குப் பிடிக்கும். செய்தியைப் பற்றி மூன்று கேள்வி, சரியாகப் பதில் சொன்னால்தான் கருத்துப் பெட்டி திறக்கும். (அந்த மெகாவாட் செய்திக்கு வைத்திருந்தால் நானே ஃபெயில்.)

ஆசிரியரிடம் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். கருத்துப் பெட்டியில் கைவைக்க அவர் சம்மதிக்கவில்லை, பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கைதான் அவருக்குக் கவலை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'இதில் பிழை இருக்கிறதா?' என்று ஒரு சின்னப் பொத்தான் வைக்க ஒப்புக்கொண்டார். அதில் வருவதை மட்டும் நான் ஐந்து நொடிக் கணக்கு பார்க்காமல் படிப்பேன் என்று பேச்சு.

மெகாவாட் செய்தியைத் திருத்தி, கீழே ஒரு குறிப்பும் போட்டு, அந்தக் கருத்தை எழுதியவருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்பினேன். மெயிலுக்குப் பதில் இல்லை. மறுநாள் இரவு புதுப் பொத்தான் வழியாக வந்த முதல் கடிதம் அவருடையது.

"திருத்தத்துக்கு நன்றி. ஆனால் குறிப்பில் மெகாவாட்/மணி என்று சாய்கோடு போட்டிருக்கிறீர்கள். அது பெருக்கல் சார், வகுத்தல் இல்லை."