மஞ்சள் துணியில் முடிந்த காசு

கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் டம்டம் பாறையைத் தாண்டும்போதே காது அடைக்கத் தொடங்கிவிடும். பெருமாள்மலையில், பழனியிலிருந்து ஏறி வரும் சாலை வந்து சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு தேநீர் குடிக்காமல் நான் மேலே போவதில்லை. இந்த முறை கூட வந்தவர் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த தம்பி. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை தவறாதவர். "கொடைக்கானல் சலேத் மாதா கோவிலில் உங்களுக்கு அப்படி என்னதான் நடந்தது அண்ணே? நானும் வந்து பார்த்துவிடுகிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

நடந்ததைச் சொல்ல என் மனைவியிடமிருந்து தொடங்க வேண்டும். அவள் மன்னவனூர்க்காரி, உருளைக்கிழங்கு போடும் குடும்பம். சலேத் மாதா கதையை அவள் சொல்லும் விதமே தனி. 1846 செப்டம்பர் 19. பிரான்சில் ஆல்ப்ஸ் மலைமேல் சலேத் என்ற ஊர். மாடு மேய்க்கப் போன இரண்டு பிள்ளைகள். மெலானிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. ஒளியின் நடுவே ஒரு பெண்மணி முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து பிரெஞ்சு மொழியில் பேசுகிறார். உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிப் பேச்சு வந்ததும் மெலானி விழிக்கிறாள். அந்தப் பிரெஞ்சுச் சொல் அவளுக்குத் தெரியாது. "புரியவில்லையா பிள்ளைகளே, வேறு விதமாகச் சொல்கிறேன்" என்று மாதா அந்த மலைக்காரர்களின் பேச்சுக்கு மாறிக்கொள்கிறார். இந்த இடத்தில் என் மனைவி கதையை நிறுத்துவாள். "மாதாவுக்கே உருளைக்கிழங்குக் கவலை இருந்திருக்கிறது, உங்களுக்குத்தான் இல்லை" என்பாள். என் மாமனாருக்கு விதைக்கிழங்குக்குப் பணம் அனுப்பாத ஆண்டுகளில் இதைச் சற்று உரக்கவே சொல்வாள்.

அவள் 2016 பிப்ரவரியில் இறந்துபோனாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. நவநாள் ஜெபம், உபவாசம் என்று ஒன்றையும் விடவில்லை. அடக்கம் முடிந்த பிறகு நான் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து, நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மன்னவனூருக்குப் போக வேண்டி வந்தது. புறப்படும்போது அவளுடைய பெட்டியில் மஞ்சள் துணி முடிப்பு ஒன்று கிடைத்தது. சலேத் மாதாவுக்கு நேர்ந்து முடிந்து வைத்த 101 ரூபாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேர்ந்ததுதான் நிறைவேறவில்லையே, காசு எதற்கு? ஆனாலும் அவள் யாரிடமும் கடன் வைத்ததில்லை. திரும்பும் வழியில் உண்டியலில் போட்டுவிட்டு, இனி எனக்கும் உனக்கும் கணக்கில்லை என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கோவில் இருக்கும் குன்றின்மேல் ஏறினேன். பக்தி இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

1866-இல், அந்தக் காட்சி நடந்து 20 ஆண்டுகளுக்குள், பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் எழுப்பிய கோவில் அது. உள்ளே யாரும் இல்லை. உண்டியல் பக்கத்தில் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். குளிரில் விரல் விறைத்திருந்தது, அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளும் அவள் பெட்டியின் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இதுவரைக்கும் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அழுதுகொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. நான் தனியாக அழவில்லை. நான் அழ வந்த இடத்தில் எனக்கு முன்பே ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அதே மரணத்துக்காக, என்னைவிட அதிகமாக. குரல் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. பக்கத்து அறையில் ஆள் இருப்பது தெரிவதைப் போலத் தெரிந்தது.

தம்பி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "வாசனை நினைவைக் கிளப்பும் அண்ணே. ஆறு மாதம் அடக்கி வைத்திருந்தீர்கள், உடைந்தது" என்றார். இருக்கலாம். அழுகை என்னுடையதுதான், மறுக்கவில்லை. துணை என்னுடையதல்ல. அன்றைக்கு நான் எதிர்பார்த்துப் போனது ஒரு சண்டையை. எதிரில் இருந்தவர் சண்டைக்கே வரவில்லை.

இது காட்சி அல்ல. காட்சி என்றால் திருச்சபையே எளிதில் நம்பாது. சலேத் பிள்ளைகளைக் குடைந்து குடைந்து விசாரித்து, ஐந்து ஆண்டுகள் கழித்து 1851-இல்தான் கிரெனோபிள் ஆயர் ஏற்றுக்கொண்டார். ஏற்ற பிறகும் அது தனி வெளிப்பாடுதான். நம்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயமில்லை. புனித ஜான் மரிய வியான்னியே 1850-இல் மாக்சிமினைச் சந்தித்த பிறகு பல ஆண்டுகள் சந்தேகத்தில் கிடந்தார். ஒரு புனிதருக்கு அந்தச் சலுகை உண்டென்றால் தம்பிக்கும் உண்டு.

எனக்குப் பிடித்தது மாக்சிமினின் அப்பா கதை. கோவில் பக்கமே ஒதுங்காத மனிதர், வண்டிச் சக்கரம் செய்பவர். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததுண்டா என்று மாதா கேட்க, பையன் இல்லை என்றானாம். "கோய்ன் பக்கத்து வயலில் அப்பாவோடு பார்த்தாயே. திரும்பும்போது, அடுத்த ஆண்டு ரொட்டி யாருக்குக் கிடைக்குமோ, இதைச் சாப்பிடு என்று கொடுத்தாரே" என்று மாதா நினைவூட்டியிருக்கிறார். பையனே மறந்துபோன விஷயம். ஒளியையும் அழகையும் கேட்டு அசையாத அந்த மனிதர் இதைக் கேட்டு அசைந்துவிட்டார். தன் ரொட்டித் துண்டை மேலே ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது போதுமாக இருந்தது. ஊராருக்கு அது ஆதாரமாகாது. அவருக்கு ஆயிற்று.

தம்பி அடுத்துக் கேட்டதுதான் கடினமான கேள்வி. "பழனியில் இரவு படியேறும்போது எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. அப்படியானால்?"

பொய் என்று சொல்ல என்னால் முடியாது; அந்தப் படியில் நான் இருந்ததில்லை. எனக்கு நேர்ந்தது என்னவென்று மட்டும் சொன்னேன். அதற்கு ஒரு முகம் இருந்தது, நான் சிறு வயதிலிருந்தே கேள்விப்பட்ட முகம். லாசரை உயிரோடு எழுப்பப் போகிற இயேசு, அது தெரிந்தும் கல்லறைக்குப் போகும்போது கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். அவ்வளவு காலம் அதை வெறும் வாசகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே, ஆறு மாதத்துக்குப் பிறகு, குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மைத்துனரிடம் நிலத்துக்காகப் பேசாமல் இருந்ததையும் அதோடு முடித்துக்கொண்டேன்.

தம்பி ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கும்போது பெருமாள்மலையில் பஸ் நின்றது. பழனிச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி அந்த உருளைக்கிழங்குக் கதையை எப்படிச் சொல்வார்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள் அண்ணே."

வத்தலக்குண்டு வரும்வரை சொன்னேன்.