புதன் மதியம் போன் எடுக்க மாட்டார்கள்

மகள் பிறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. வீட்டுக்கு வந்த ஹெபாமே உட்கார்ந்ததும் கேட்டது, "கிண்டர்ஆர்ட்ஸ்ட் பார்த்தாச்சா?" ஹெபாமே என்றால் இங்கே, ஜெர்மனியில், மருத்துவச்சி. பிரசவத்துக்குப் பிறகும் வீட்டுக்கே வந்து குழந்தையின் எடையைப் பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், தாய்ப்பால் சரியாக வருகிறதா என்று கேட்பார். செலவு இன்சூரன்ஸில் போய்விடும். கிண்டர்ஆர்ட்ஸ்ட் குழந்தை டாக்டர். பிள்ளையே இன்னும் வெளியே வரவில்லை, அதற்குள் டாக்டரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மதுரையில் எங்கள் தெருவில் இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா "அவருக்கு நல்ல கைராசி" என்று ஒரு பெயரைச் சொல்லும். சாயங்காலம் போய் டோக்கன் போட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குள் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொருவர்.

ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் ஏழு இடத்துக்குப் போன் செய்தேன். நான்கு இடத்தில் "புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை" என்று ஒரே பதில். ஒரு இடத்தில் நான் பேசிய ஜெர்மனைக் கேட்டு முடிக்கும் பொறுமைகூட இல்லை, வைத்துவிட்டார்கள். மிச்ச இரண்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை மதியம் இங்கே பெரும்பாலான கிளினிக் மூடியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எட்டாவது இடத்தில் மட்டும் எந்தத் தெரு, எந்த மாதம் பிரசவம் என்று கேட்டு, "பிறந்ததும் கூப்பிடுங்கள்" என்றார்கள். லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. இடமே கிடைக்காதவர்கள் 116117 என்ற எண்ணில் கேட்டால் தேதி வாங்கித் தருவார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் புத்தகம் தருகிறார்கள். இந்த நாட்டில் பிள்ளையின் ஜாதகம் அதுதான். ஊ-1 பிறந்த உடனே, ஊ-2 சில நாளில், ஊ-3 நாலைந்து வாரத்தில் என்று ஐந்து வயதில் வரும் ஊ-9 வரை பரிசோதனைகள். எங்கள் மாநிலத்தில் அவற்றுக்குக் கூட்டிப்போவது பெற்றோரின் சட்டக் கடமை. ஊ-3க்கு டாக்டரம்மா இடுப்பு மூட்டை ஸ்கேன் செய்தார், வாயில் வைட்டமின் கே சொட்டு விட்டார். பிறகு பிள்ளையைக் குப்புறப் போட்டவர், முதுகுக்குக் கீழே இருந்த நீலத் திட்டைப் பார்த்துவிட்டு மஞ்சள் புத்தகத்தில் எதையோ எழுதினார். எனக்குப் பகீரென்றது. நம் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சகஜமாக இருக்கும் பிறவித் திட்டுதான். நாளைக்கு வேறு யாராவது பார்த்து அடிபட்ட தடம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே பதிந்துவைக்கிறாராம். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தார். 90 நாள் விசாவில் வந்து பத்தியச் சாப்பாடு செய்து போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளையின் கையில் வசம்பு கோத்த கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. டாக்டர் கோபிக்கவில்லை. கயிற்றைக் காட்டி, "இது வாய்க்குள் போனால் மூச்சடைக்கும், கழற்றிவிடுங்கள்" என்றார். பொட்டு எதில் செய்தது என்று கேட்டார், சில மைகளில் ஈயம் இருக்குமாம். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது என்றார். வைட்டமின் டி மாத்திரை மட்டும் தினமும் ஒன்று. "காலை வெயில்ல காட்டுனா போதாதா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். டிசம்பர் மாதம். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் வெயிலுக்கு நான் எங்கே போவேன்?

எடைதான் அம்மாவின் பெரிய கவலை. புத்தகத்தின் பின்பக்கம் வளைகோடுகள் இருக்கும், என் மகள் எப்போதும் கீழே இருந்து இரண்டாவது கோட்டை ஒட்டியே போவாள். "அவள் அவளுடைய கோட்டில்தான் போகிறாள், கோடு மாறினால் அப்போது பேசுவோம்" என்றார் டாக்டர்.

ஒன்பதாவது மாதம் முதல் பெரிய காய்ச்சல், 39.4. அம்மா அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார், எல்லாம் வீடியோ காலில்தான். டாக்டர் காது பார்த்தார், தொண்டை பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். வைரஸ், நிறையக் குடிக்கக் கொடுங்கள், மூன்று நாள் பார்ப்போம். எடைக்குத் தகுந்த பாரசிட்டமால் எழுதினார். அதுவும் சிரப் இல்லை, ஆசனவாயில் வைக்கிற மாத்திரை.

"ஒரு ஆன்டிபயாட்டிக் கூட எழுதலையாடி? அப்ப எதுக்குடி டாக்டரு?"

எனக்கும் அதே ஆத்திரம்தான், அம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது, மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் பொறுத்துப் பார்ப்பது எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர்க்காரத் தோழியின் பையனுக்கு மூன்று வாரம் இருமல். இரண்டு முறை வேறொரு கிளினிக்கில் "வைரஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை எக்ஸ்ரேயில் நிமோனியா. அவள் இன்றைக்கும் அதைச் சொன்னால் கண் கலங்குவாள்.

அவளிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் "ரொம்பக் காய்ச்சல், பயமா இருக்கு" என்றால் ரிசப்ஷனில் அசைய மாட்டார்கள். "எதுவும் குடிக்கவில்லை, காலையிலிருந்து டயப்பர் நனையவில்லை" என்று சொன்னால் உடனே வரச் சொல்வார்கள். நம் ஊரில் நாம் கவலையைச் சொல்வோம், டாக்டர் மீதியைப் பார்த்துக்கொள்வார். இங்கே நாம் என்ன பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தாண்டினாலே யோசிக்காமல் கூப்பிட வேண்டும். "ட்ரிங்க்ட் நிஷ்ட்", குடிக்கவில்லை. நான் தப்பில்லாமல் பேசப் பழகிய முதல் ஜெர்மன் வாக்கியம் இதுதான்.

திருச்சியிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையோடு வந்த குடும்பத்துக்கு வேறு விதமான தலைவலி. கீட்டாவில், அதாவது மழலையர் பள்ளியில், சேர்க்க இரண்டு தட்டம்மை ஊசி போட்ட சான்று வேண்டும், 2020 மார்ச்சிலிருந்து சட்டம். பையனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரண்டும் போட்டாகிவிட்டது, ஆனால் அதில் பொன்னுக்கு வீங்கி தடுப்பு கிடையாது. டாக்டர் நம் ஊர் அட்டையை வரி வரியாகப் படித்து, விட்டுப்போனதை மட்டும் போட்டார். பிறந்தவுடன் போட்ட பிசிஜி தழும்பைப் பார்த்து அங்கிருந்த இளம் உதவியாளர் இது என்ன என்று கேட்டாராம். அந்த ஊசியை இந்த நாட்டில் 1998க்குப் பிறகு பரிந்துரைப்பதில்லை.

இரண்டு வயதில் ஊ-7. எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டதும் எனக்கு வியர்த்தது. ஜெர்மனில் பத்துகூட இருக்காது. "தமிழையும் சேர்த்து எண்ணுங்கள்" என்றார் டாக்டர். அம்மா, ஆயா, தோசை, பூனை, போ, வேணாம்... எண்ண எண்ண ஐம்பதைத் தாண்டியது. "வேணாம்" மட்டும் ஒரு நாளைக்கு இருநூறு தடவை. வீட்டில் ஜெர்மன் பேச ஆரம்பிக்கவா என்று கேட்டேன். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள், ஜெர்மனைக் கீட்டா பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்கு முந்தின வாரம்தான் என் கணவர் வீட்டில் இனி தமிழ் குறைவாகப் பேசுவோம் என்று சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் அவர் வாயே திறக்கவில்லை.

மகளுக்கு இப்போது நாலரை வயது. போன மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும். எத்தனை மாசம்?"

"ஏழு, அக்கா."

"குழந்தை டாக்டர் பார்த்தியா?"

சிரித்தாள். நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.